பருக்கை அளவு கல்

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. மயிலாப்பூரில் ஒரு மாதா கோவிலின் பாடகர் குழு, காலைப் பூசைக்கு முன் ஆகஸ்ட் 15 திருவிழாப் பாட்டை ஒத்திகை பார்த்தது. முதல் அடிகளைப் பாட ஒரே மைக், இரண்டு பேர்: ஜொவிட்டா, நோரா.

பாதியில் நோரா, பாட்டு மாஸ்டர் பவுல்சாமியின் காதில் ஏதோ சொன்னாள்.

"ஜொவிட்டா, நீ பின்வரிசைக்குப் போம்மா. நோரா தனியா பாடட்டும்."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழியான நோரா தரையைப் பார்த்தாள்.

கோவில் வாசலில் நோராவின் தம்பி ஜாஸ்பர் சொன்னான்: "அக்கா, உங்க வாய் நாறுதாம். குப்பை லாரின்னு பேர் வச்சிருக்காங்க. எங்கக்கா உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்லடா."

"எங்க எல்லார்கிட்டயும் சொல்லுச்சே."

வீட்டில் அம்மா சமாதானம் சொன்னாள். "நற்கருணை வாங்கணும்னு பூசைக்கு முன்னாடி வெறும் வயிறு. அப்படித்தான் இருக்கும்."

"ஸ்கூல் வேன்லயும் தள்ளித்தான் உக்கார்றாங்க. அங்க என்னம்மா பூசை?"



ஜொவிட்டா கண்ணாடி முன் நின்று வாய்க்குள் டார்ச் அடித்தாள். தொண்டை ஓரத்தில் சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக ஏதோ இருந்தது. ஹேர்பின்னை எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு, "டாக்டர்கிட்ட போலாம்மா" என்றாள்.

ராயப்பேட்டையில் டாக்டர் ஹம்சா எட்டிப் பார்த்தார். "டான்சில் கல். அங்க சின்னச் சின்னக் குழி இருக்கும். சாப்பாட்டுத் துணுக்கு சேர்ந்து கெட்டியாகும். நோண்டினியா?"

"இல்ல டாக்டர்."

"நல்லது. நோண்டினா ரத்தம் வரும். சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கொப்பளி. நாக்கையும் சேர்த்துத் தேய். நிறைய தண்ணி குடி."

"பூசைக்கு முன்னாடி தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

"தண்ணி குடிச்சா தப்பில்லம்மா. உங்க கோவில் ஃபாதரைக் கேட்டுப் பாரு."

ஆகஸ்ட் முதல் வாரம், கொப்பளிக்கும்போது கல் வெளியே வந்து விழுந்தது. நாற்றமும் போனது. ஜொவிட்டா மாஸ்டரிடம் சொன்னாள்.

"சந்தோஷம்மா. ஆனா நோரா தனியா பாடிப் பழகிட்டா."

திருவிழா மாலை. நோராவின் முன்பல்லில் கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. பின்வரிசை கிசுகிசுத்துச் சிரித்தது. ஜொவிட்டா எழுந்து போய் அவள் காதருகே குனிந்தாள்.

"பல்லுல கறிவேப்பிலை. வேற யார்கிட்டயும் நான் சொல்லல."

நோரா பல்லைத் துடைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாஸ்டர் கை காட்டினார்.

நோரா மைக் முன்னால் போய் நின்றாள். ஜொவிட்டா பின்வரிசைக்குத் திரும்பினாள்.