கேட்டுக்கொண்டே இருக்கும் பெட்டி

அந்த வீட்டுக்கு நான் போனது மதியம் இரண்டரை மணிக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது. பயப்படுவதற்கான வேளையே அல்ல.

என்னைக் கடையில் ‘வயர்’ என்பார்கள். உடம்பும் அப்படி, வேலையும் அப்படி. பழைய டிவிகளில் படம் பார்க்கும் இணையப் பெட்டியைப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். அன்றைய சீட்டில் கடைப்பெண் இப்படி எழுதியிருந்தாள்: ‘டப்பா டிவி. படுக்கையில் இருக்கும் தங்கைக்காக. ரிமோட் பிடிக்கக் கை வராது.’ சரக்கு வராமல் ஆர்டர் இரண்டு மாதம் இழுத்துவிட்டது. காலையில் கூப்பிட்டபோது வீட்டுக்காரர் “அனுப்புங்க” என்று ஒரே சொல்லோடு வைத்துவிட்டாராம்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. நாற்பது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க மட்டுந்தானா? டிவி யானை மாதிரி இருக்கும்.”

“அது உக்காந்த எடத்துலயே இருக்கட்டும்க்கா. முதுகுல மூணு வயர் சொருகினா முடிஞ்சுது.”

“அப்ப சரி. அதத் தூக்கப்போயி உங்களத் தூக்க வேண்டி வருமோன்னு பயந்துட்டேன்.”

இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

கூடத்தின் சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. மருந்தும் ஈரத்துணியும் கலந்த வாடை, கழுவியும் போகாத வாடை, சுவரிலிருந்து வந்தது. மர அலமாரிக்குள் டிவி. அதற்கு நேர் எதிரே பின்னறை. கதவு மூடியிருந்தது. நோயாளி தூங்குகிறார் என்று நினைத்து, நான் காலடி ஓசை இல்லாமல் நடந்தேன்.

டிவியைப் போட்டதும் கூடமே அதிர்ந்தது. சத்தம் கடைசி அளவில் இருந்தது. அக்கா ஓடிவந்து குறைத்தார்.

“நாடகம் பாக்கும்போது வெச்சது. அப்படியே விட்டுட்டேன்.”

நான் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னார்.

புதுப் பெட்டியின் வயர் பழைய டிவியில் நேராகச் சேராது. நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றையும் சொருகினேன். படம் கொஞ்சம் மங்கலாக வந்தது.

படுக்கையில் யாராவது இருக்கும் வீடுகளில், யாரும் கேட்காமலே நான் ஒரு வேலை செய்வேன். பட்டனை அழுத்தாமலே பெட்டி பேச்சைக் கேட்கும்படி வைத்துவிடுவேன். கேட்ட சொல்லை அது திரையின் மேல்பக்கம் எழுதிக் காட்டும். கையை எடுத்துக்கொண்ட கடவுள் குரலையாவது விட்டுவைத்திருக்கிறாரே, அது வீணாகலாமா என்று ஓர் எண்ணம். அன்றும் அப்படியே வைத்தேன்.

“ஏதாவது பேசுங்கக்கா.”

“என்னத்தப் பேச?”

திரையில் எழுத்து வந்தது. *என்னத்தப் பேச*

அக்கா வியப்போடு பார்த்தார். பிறகு நாங்கள் இருவரும் பேசவில்லை.

எழுத்து மாறியது.

*அண்ணி*

நான் பின்னறையைத் திரும்பிப் பார்த்தேன். “உள்ளேர்ந்து கூப்பிடுறாங்க போல. என் காதுக்கே எட்டல, பெட்டி புடிச்சிருச்சு பாருங்க” என்றேன் பெருமையாக.

அக்காவின் முகம் சாம்பலாகிவிட்டது.

“உள்ள யாரும் இல்ல தம்பி. அவ போயி இருபது நாளாச்சு.”

*அண்ணி கொஞ்சம் தண்ணி*

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் என் கழுத்தில் வியர்வை இறங்கியது. பக்கத்து வீட்டுப் பேச்சாக இருக்கும் என்று காதைத் தீட்டினேன். தெருவில் ஒரு காக்கைகூடக் கரையவில்லை. கேட்கும் வசதியை அணைத்தேன்.

*தொண்டை காயுது*

*டிவி சத்தத்தக் கொறைங்க அண்ணி*

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“மூணு தடவ கூப்பிட்டா. இதோ வரேன்னு சொல்லிட்டு சத்தத்தக் கூட்டி வெச்சேன். நாடகம் முடிய பத்தே நிமிஷந்தான் தம்பி. போய்ப் பாத்தா வாயத் தெறந்தபடி கெடக்குறா.”

அக்கா வெளிக்கதவைப் பார்த்தார்.

“அவருகிட்ட, தூக்கத்துலயே போயிட்டான்னு சொல்லிருக்கேன். இப்ப ஷிப்ட் முடிஞ்சு வந்துடுவாரு. தங்கச்சின்னா அவருக்கு உசுரு. இதப் படிச்சாருன்னா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாரு. கழட்டிடுங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பெட்டியின் மின்வயரைப் பிடுங்கினேன். மூன்று வயரையும் உருவினேன். டிவியையே அணைத்தேன்.

எழுத்து அணையவில்லை.

*தண்ணி*

*தண்ணி*

*தண்ணி*

வாய்க்குள் கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்.

“அக்கா, கேட்டதக் குடுத்துடுங்க. தண்ணிதான கேக்குறாங்க.”

அவர் எழுந்தார். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு, பின்னறைக் கதவைத் திறந்தார். வெறும் கட்டில். உறை மாற்றிய தலையணை. அருகே முக்காலியில் உட்கார்ந்து, தலையணைக்கு மேலே டம்ளரைச் சாய்க்காமல் நீட்டினார்.

அறை வாசலிலிருந்து நான் பார்த்தேன்.

தண்ணீர் குறைந்தது.

மெல்ல, ஒரு மிடறு ஒரு மிடறாக. தலையணையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

டம்ளர் காலியானதும் கூடத்துத் திரை இருண்டது. எனக்கு மூச்சு வந்தது.

“போதும்க்கா, வாங்க.”

“வர முடியல.”

“அக்கா?”

“கையப் புடிச்சிருக்கா.”

அவர் மணிக்கட்டில் நான்கு பள்ளங்கள் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஆழமாயின. விரல் நுனிகள் நீலமாகத் தொடங்கின.

அப்போதுதான் வெளிக்கதவு திறந்தது. வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தார்.

திரையில் எதுவும் இல்லை. பெட்டி என் கையில் இருந்தது. அக்கா ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் சொன்னார்.

“ஏங்க, இங்க வாங்க. அவ தூக்கத்துல போகல.”

எல்லாவற்றையும் சொன்னார். மூன்று தடவை கூப்பிட்டது, பத்து நிமிடம், திறந்திருந்த வாய். வீட்டுக்காரர் கையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் கட்டிலருகே மண்டியிட்டிருந்தார். ஓங்கிய கை மனைவியின் மணிக்கட்டின் மேல் இருந்தது.

“விட்டுரும்மா” என்றார் வெறும் தலையணையைப் பார்த்து. “அண்ணிய விட்டுரு. தப்புதான். அண்ணன் இருக்கேன், என் கையப் புடிச்சுக்க.”

பள்ளங்கள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. பிறகு வீட்டுக்காரர் கையில் விழுந்தன. ஆனால் மெதுவாக, உறங்கப் போகும் குழந்தை பிடிப்பது போல. அக்கா எழுந்து போகவில்லை. அவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

நான் கருவிப்பையை எடுக்கக் கூடத்துக்கு வந்தேன்.

அணைந்த டிவியில் எழுத்து இருந்தது.

*டிவிக்கார அண்ணா நீங்களும் கொஞ்சம் உக்காருங்க*

உட்கார்ந்திருக்கலாம். ஒரு நாற்காலி இருந்தது. பல மாதம் தனியாகக் கிடந்த ஒரு பெண், கொஞ்ச நேரம் துணை கேட்டாள், அவ்வளவுதான். அடுத்தவருக்குத் தண்ணீர் கொடு என்று சொல்லத் தெரிந்த எனக்கு, என் முறை வந்தபோது கால் நிற்கவில்லை.

“இல்லம்மா, இன்னொரு வீடு இருக்கு. நேரமாச்சு” என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். பொய். பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலை, ஊரின் மறு கோடியில் ஒரு புது வீடு. புதிதாகக் கல்யாணமானவர்கள். சுவரில் புத்தம்புது டிவி. கடையிலிருந்து பிரிக்காமல் கொண்டுபோன பெட்டி. பொருத்திவிட்டு, “ஏதாவது பேசுங்க” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

அவள் வாயைத் திறக்கும் முன்னே எழுத்து வந்துவிட்டது.

“இது என்னங்க?” என்று கணவனைப் பார்த்தாள். “நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே.”

*டிவிக்கார அண்ணா இப்ப நேரம் இருக்கா*