வலையில் சிக்கிய வௌவால்

வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு வாயாடி என்றுதான் பேர். அப்படிப்பட்டவளுக்கு அன்று காலை வாயடைத்துப் போனது.

அவளுடைய அப்பா தாவரப் பூங்காவில் தோட்டக்காரர். அங்கே ஒரு செடியை மட்டும் அவர் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டார். காட்டில் அந்த இனம் அநேகமாக அழிந்துவிட்டது. பூங்காவில் இருந்ததும் ஒன்றே ஒன்றுதான். அது முதன்முதலாக மொட்டு விட்டதும், பூச்சி பொட்டு அண்டக் கூடாது என்று வலை போட்டு மூடிவிட்டார்.

பூக்கள் இருட்டியதும் விரிந்தன, விடிந்ததும் உதிர்ந்தன. ஒன்றுகூடக் காய்க்கவில்லை. காய் இல்லாவிட்டால் விதை ஏது?

இப்போது அந்த வலையில் ஒரு வௌவால் செத்துக் கிடந்தது. அவள் கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

"அப்பா, இங்க வாங்களேன்."

அப்பா வந்து பார்த்தார். "அடடா, கீழே இருக்கிற இடுக்கு வழியா நுழைஞ்சிருக்கு. பூவைத் தின்ன வந்திருக்கும்."

"தின்னலப்பா, பூ இன்னும் உதிரக்கூட இல்ல, முழுசா இருக்கு. இதோட மூக்கப் பாருங்க."

மூக்கெல்லாம் மஞ்சள் மகரந்தம். பூவுக்குள்ளும் அதே மஞ்சள். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்காகத்தான் ராத்திரியில பூத்துதா? நான் போய் வழிய அடைச்சிட்டேனே."

"இது பேரு என்னப்பா?"

"தெரியலயே கண்ணு. இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல."

"செடியும் கொஞ்சம்தான் இருக்கு. இதுவும் கொஞ்சம்தான் போல. நாம செடிய மட்டும்தானே பாத்துக்கிட்டோம்?"

அவள் வலை நூலை ஒவ்வொன்றாக வெட்டி, இறக்கை கிழியாமல் அதை எடுத்துச் செடியருகே புதைத்தாள்.

"வலைய எடுத்திடலாம்ப்பா."

"மேலதிகாரி என்ன சொல்லுவாரோ."

"இன்னொண்ணு வந்தா அதுவும் மாட்டுமேப்பா."

அப்பா வலையைச் சுருட்டினார். ஆனால் இன்னொன்று வந்ததாகத் தெரியவில்லை. மிச்சப் பூக்களும் விரிந்து உதிர்ந்தன. அவள் தினமும் காலையில் வந்து காம்புகளைப் பார்த்தாள்.

சில நாள் கழித்து ஒரு காம்பின் நுனி மட்டும் பச்சையாகப் புடைத்திருந்தது. அப்பா குனிந்து பார்த்தார்.

"வௌவால் மாட்டின அன்னிக்கு விரிஞ்ச பூ இது. தேன் குடிச்சிட்டு வெளிய வரும்போதுதான் மாட்டியிருக்கு."

காயைத் தொட நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"காய் பிடிச்சிடுச்சுன்னு அதுக்குத் தெரியாதேப்பா," என்றாள்.