ஷெஹ்ராஸின் மட்டை

காலை எட்டே முக்கால். ஹார்ல்டன் ஐக்கியப் பள்ளியின் முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஷெஹ்ராஸின் புகைப்படம் இருந்தது. பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருந்தது. கிரிக்கெட் மட்டைக்குக் கீழே விரித்திருந்த பச்சை வெல்வெட் துணி, நாலாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

மட்டை இல்லை.

முதலில் பார்த்தவள் மிஸ்பா. ஷெஹ்ராஸின் தங்கை, பத்தாம் வகுப்பு. அவள் கத்தவில்லை. பெட்டியைச் சுற்றி வந்தாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

ஷெஹ்ராஸ் இறந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. ரத்தப் புற்று. மான்செஸ்டர் ஆஸ்பத்திரியில், இலையுதிர்கால விடுமுறையின்போது. அவனுடைய உடுப்புகளை வழக்கப்படி ஏழைகளுக்குக் கொடுத்தாகிவிட்டது. மிஞ்சியது அந்த மட்டை ஒன்றுதான். அதன் கைப்பிடித் துணியில் அவன் விரல் பதிந்த இடமெல்லாம் கறுத்திருக்கும். அம்மா அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படுத்தாள். இன்று மூன்று மணிக்கு மேயர் வந்து நினைவுப் பெட்டியைத் திறந்து வைப்பார், அதில் வைக்க மட்டை வேண்டும் என்று பள்ளி கேட்டது. விழா முடிந்த சாயந்திரமே அது வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி அம்மா நேற்று கொடுத்தனுப்பினாள். வாக்குக் கொடுத்தவள் மிஸ்பா.

தலைமையாசிரியை மிஸஸ் பிக்கர்ஸ்கில் வந்து பார்த்தார். முதலில் தன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். அடுத்து, விளையாட்டு அறையில் இன்னும் எத்தனையோ மட்டைகள் இருக்கின்றன, மேயருக்கு வித்தியாசம் தெரியாது என்றார்.

"எங்கம்மாவுக்குத் தெரியும் மிஸ்" என்றாள் மிஸ்பா.

பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பள்ளி, பள்ளத்தில் பாகிஸ்தானியர்களுக்கு ஒரு பள்ளி என்று இருந்த ஊர் இது. ஒரு கோடைக்காலத்தில் இரண்டு பக்கமும் கடைகளைக் கொளுத்திக்கொண்டதும், நகரசபை இரண்டு பள்ளிகளையும் மூடி, நடுவில் முழுக்க முழுக்கக் கண்ணாடியால் ஒன்று கட்டியது. எல்லோரும் எல்லோரையும் பார்க்க வேண்டும் என்பது திட்டம். பார்த்தார்கள். தனித்தனி மேஜைகளில் உட்கார்ந்து, சிப்ஸ் தின்றபடி பார்த்தார்கள். பள்ளியின் விளம்பரத் தாளில் ஒரு பழுப்பு முகமும் ஒரு வெள்ளை முகமும் தோளில் கைபோட்டுச் சிரிக்கும். பழுப்பு முகம் ஷெஹ்ராஸ். வெள்ளை முகம் கோரி என்ட்விசில், அவனுடைய பந்துக்கு விக்கெட் காத்தவன். அவர்கள் இருவரும் நிஜமாகவே நண்பர்கள் என்று தெரிந்தபோது நிர்வாகமே கொஞ்சம் அசந்துபோயிற்று.

மணி அடிப்பதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. திருடன் பிராட் டக்வொர்த். காரணம், அந்த மட்டையைப் பார்த்து, எங்க வீட்டு அடுப்புக்கு நல்ல விறகு என்று முந்தின நாள் அவன் சொன்னது. கேட்டவர்கள் ஏராளம். மிஸ்பாவின் பெரியப்பா மகன் அதீல், மதிய இடைவேளையில் வாசலில் கொஞ்சம் பேரோடு பிராடுக்காகக் காத்திருக்கப் போவதாகச் செய்தி அனுப்பினான். மேட்டுப் பையன்களும் காத்திருக்கப் போவதாகப் பதில் வந்தது. ஐக்கியப் பள்ளியில் இரு தரப்பும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வர ஒத்துக்கொண்டது அநேகமாக இதுவே முதல் தடவை.

"அதுவரைக்கும் எவன் மேலயும் கை வைக்காத" என்றாள் மிஸ்பா அதீலிடம். "பேட் வேணும் எனக்கு. ரத்தம் வேணாம்."

பிராடை வேதியியல் கூடத்தின் வெளியே பிடித்தாள்.

"எடுத்தியா?"

"நான் ஃபுட்பால் ஆளு. அந்தக் கட்டையைத் தொட்டாலே எனக்குத் தூக்கம் வரும்."

"விறகுன்னு சொன்னியே."

"சொன்னேன். நான் சொல்றதெல்லாம் செஞ்சா இந்நேரம் ஜெயில்ல இருப்பேன்."

"பெட்டிச் சாவி எங்க இருக்கும், தெரியுமா?"

"பெட்டிக்குச் சாவி வேற இருக்கா?"

பொய் சொல்லும்போது பிராடுக்குக் காது சிவக்கும். ஊரறிந்த விஷயம். காது வெளுப்பாகவே இருந்தது.

"காலையில எப்படி வந்தே?"

"மேட்டு பஸ்லதான். கோரிகூட அதுலதான் வந்தான். பெட்ரோல் பங்க்கிட்ட இறங்கிட்டான்."

"எதுக்கு?"

"பூ வாங்க. பிளாஸ்டிக் சுத்தி விப்பாங்களே, அது. எவளோ சிக்கியிருக்கா போல. ஆனா மூஞ்சியப் பாத்தா அவ மாட்டேன்னு சொல்லிட்டா மாதிரி இருந்துச்சு."

கோரி என்ற பெயர் கேட்டதும் மிஸ்பாவின் முகம் மூடிக்கொண்டது. அந்தப் பெயரை அவள் மூன்று வாரமாக உச்சரிக்கவில்லை. அன்று காலை எட்டேகாலுக்குப் பள்ளி வாசலில் அவனைப் பார்த்தும் பார்க்காமல்தான் வந்தாள். சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட பள்ளி டைக்குப் பதிலாக, பட்டையில்லாத கறுப்பு டை ஒன்றை அவன் கட்டி வந்திருந்தான். குறுக்கே மடிப்புக்கோடு கூடப் போகாத புது டை. மிஸஸ் பிக்கர்ஸ்கில் அவனை நிறுத்தி, சீருடை விதியைச் சொல்லித் திட்டி, தவறு செய்தவர்களை உட்கார வைக்கும் சிந்தனை அறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவன் பை புடைத்திருந்தது.

பத்தரை மணிக்கு விளையாட்டு அறைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டியின் சாவி அங்கே கதவுக்குப் பின்னால், கால்காப்புகளுக்கு அடியில் இருக்கும் ஆணியில் தொங்கும். ஆசிரியருக்கும் கிரிக்கெட் அணிக்கும் மட்டும் தெரிந்த இடம். சாவி அதே ஆணியில் ஒழுங்காகத் தொங்கியது. திருடியவன் பெட்டியைத் திறந்து, துணியை மடித்து, திரும்பப் பூட்டி, சாவியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். புகைப்படத்தின் மேல் ஒரு கைரேகைகூட இல்லை.

வெறுப்பில் வந்தவன் புகைப்படத்தை விட்டுவைக்க மாட்டான். துணியை மடிக்கவும் மாட்டான்.

விளையாட்டு அறைக்கு அடுத்த கதவில் சிந்தனை அறை என்று எழுதியிருந்தது. உள்ளே மேற்பார்வைக்கு இருந்தவர், கோரி வகுப்புக்குப் போயிருப்பான் என்றார். வகுப்பாசிரியர், கோரி சிந்தனை அறையில் இருப்பான் என்றார். சுவரெல்லாம் கண்ணாடி. ஒருவன் காணாமல் போனது யார் கண்ணிலும் படவில்லை.

மிஸ்பா நடைவழியில் உட்கார்ந்துவிட்டாள். கோரிதான் என்று புத்தி சொன்னது. மனசு கேட்கவில்லை. அவனுக்கு எதற்கு அந்த மட்டை? மய்யித்துக்கே, அடக்கத்துக்கே வராதவன். வீட்டில் மூன்று நாள் துக்கம் இருந்தபோது தெருவே வந்தது, எதிர்வீட்டுப் பகையாளி வந்தான், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் வந்தார். கோரி மட்டும் வரவில்லை. நேற்று ஒத்திகையில்கூட, அதீல் இரங்கலுரை வாசிக்கும்போது பாதியில் எழுந்து போனான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எந்த இடத்தில் எழுந்தான்?

அவள் கண்ணை மூடி அதீலின் குரலை மறுபடி ஓடவிட்டாள். விடியற்காலையில் இறந்தான், அன்று மதியத் தொழுகைக்குப் பிறகே அடக்கம் செய்தோம் என்ற வரி. அந்த வரியில்தான் நாற்காலி கிறீச்சிட்டது.

மிஸ்பா எழுந்தாள்.

மதிய இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், தலைமையாசிரியை அறையில் மூவர் இருந்தார்கள்: மிஸஸ் பிக்கர்ஸ்கில், விசாரணைக்கு அழைக்கப்பட்ட பிராட், சாட்சி சொல்ல தானாகவே வந்த அதீல். மிஸ்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"எடுத்தது கோரி" என்றாள்.

அதீல் சிரித்தான். பிராட் சிரிக்கவில்லை.

"மிஸ், காலையில நீங்க அவனைத் திட்டினீங்க. எதுக்கு?"

தவறான டை என்றார் மிஸஸ் பிக்கர்ஸ்கில்.

"என்ன டை?"

"கறுப்பு..." என்றவர் நிறுத்தினார்.

"அதுல மடிப்புக்கோடு இருந்துச்சு. வாங்கினதுலேருந்து ஒரு தடவைகூடக் கட்டாத டை. உங்க ஆளுங்க கறுப்பு டை எதுக்கு வாங்குவாங்க, பிராட்?"

பிராட் தரையைப் பார்த்தான். "சாவுக்கு."

"செத்து எத்தனை நாள் கழிச்சு அடக்கம் பண்ணுவீங்க?"

"ரெண்டு வாரம் ஆகும். மூணுகூட ஆகும். எங்க தாத்தாவுக்கு மூணு ஆச்சு."

"எப்பன்னு எப்படித் தெரியும்?"

"வீட்டுக்காரங்க சொல்லுவாங்க. பேப்பர்ல போடுவாங்க. சொல்லாம எப்படிப் போறது? அவங்களே நொந்து போயிருப்பாங்க, அவங்ககிட்டப் போய்க் கேக்கவா முடியும்?"

மிஸ்பா அதீலைப் பார்த்தாள். "நம்ம வீட்ல யாருக்காவது சொன்னோமா?"

அதீல் இல்லையென்று தலையாட்டினான். அவர்கள் வழக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. செய்தி தானாகப் பரவும், கேள்விப்பட்டவர் வருவார், கதவு திறந்திருக்கும். வராதவர் வராதவர்தான்.

"ஸ்கூல் திறந்த அன்னிக்குத்தான் அவனுக்குத் தெரியும், ஷெஹ்ராஸ் செத்துட்டான்னு. அன்னிக்கே டை வாங்கியிருப்பான். நாம கூப்பிடுவோம்னு உக்காந்திருந்தான். நேத்து நீ படிச்ச வரியிலதான் தெரிஞ்சுது, டை வாங்குறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு." அவள் விரல் விட்டு எண்ணினாள். "டை, பூ, பேட். மூணையும் எடுத்துக்கிட்டு எங்க போவான்?"

மிஸஸ் பிக்கர்ஸ்கில் தன் மேஜையில் கிடந்த சீருடை மீறல் அறிக்கையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். வாசலில் காத்திருந்தவர்களுக்கு அதீல் செய்தி அனுப்பினான். பிராட் எழுந்து, அதீலின் பக்கம் பார்க்காமலே, நானும் மேட்டுப் பசங்ககிட்டச் சொல்லிடுறேன் என்றான்.

மிஸ்பா தனியாகவே போனாள்.

இந்த ஊரில் இரு தரப்பும் ஒன்றாகக் கிடக்கும் இடம் இரண்டுதான்: பள்ளி, இடுகாடு. இரண்டிலும் நடுவில் ஒரு நடைபாதை உண்டு. இடுகாட்டில் பாதைக்கு அந்தப் பக்கம் கல்லறைக் கற்கள், தேவதைகள். இந்தப் பக்கம் வெறும் மண்மேடுகள். மண் அமுங்கும் வரை கல் வைக்க மாட்டார்கள் என்பதால், புது மேடுகளுக்கு எண் போட்ட மரக்குச்சி ஒன்றுதான் அடையாளம்.

தூறிக்கொண்டிருந்தது. கோரி ஒரு மண்மேட்டிலிருந்து இன்னொரு மண்மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். கோட்டைக் கழற்றி மட்டையைச் சுற்றியிருந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் பிளாஸ்டிக் சுற்றிய பூ. அவளைப் பார்த்ததும் மட்டையை நீட்டினான்.

"நனையலை. பாத்துக்கிட்டேன்."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"எங்க தாத்தாவோட சவப்பெட்டியில, அவர் எறிஞ்சு விளையாடுற டார்ட்ஸை வெச்சோம்" என்றான். "ஷெஹ்ராஸோட பெட்டியில இதை வைக்கச் சொல்லலாம்னு நெனச்சிருந்தேன். நேத்து பாத்தா, இது கண்ணாடிக்குள்ள இருக்கு. அவன் மண்ணுக்குள்ள இருக்கான்."

"எங்களுக்குப் பெட்டி கிடையாது. வெள்ளைத் துணி மட்டும்தான். கூட ஒண்ணும் வைக்க மாட்டோம்."

"எனக்கு யாரும் சொல்லலை, மிஸ்பா."

"நீ வரலை."

"கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். எங்கம்மா தெனமும் பேப்பர்ல தேடுவாங்க."

"கதவு மூணு நாள் திறந்தே கிடந்துச்சு. ஒவ்வொரு தடவையும் வாசல்ல காலடிச் சத்தம் கேக்கும்போது நீன்னு நெனச்சேன்."

கோரி மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

"இதுல எது அவன்?" என்றான்.

காலையிலிருந்து எல்லாவற்றையும் கண்டுபிடித்தவள் மண்மேடுகளை வரிசையாகப் பார்த்தாள். ஒன்றுபோலவே இருந்தன.

"தெரியாது."

"நீ வந்ததில்லையா?"

"எங்க வீட்ல பொண்ணுங்க அடக்கத்துக்கு வர மாட்டோம். நான் வாசல் வரைக்கும்தான் வந்தேன்."

அவள் கைப்பேசியை எடுத்து அப்பாவை அழைத்தாள். அவர் டாக்ஸியில் இருந்தார். பின்னால் மழைத் துடைப்பானின் சத்தம்.

"அப்பா, அண்ணன் எங்க இருக்கான்?"

துடைப்பான் நின்றது. வண்டியை ஓரங்கட்டியிருக்க வேண்டும். வேலியோரம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் என்றார். பிறகு, யார் கேட்கிறது என்றார்.

"நான்தான். கோரியும் இருக்கான்."

துடைப்பான் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

"குடை இருக்கா?"

"இல்லப்பா."

"அங்கேயே இருங்க. வர்றேன்."

குழாய்க்குப் பக்கத்து மேட்டில் புல் இன்னும் முளைக்கவில்லை. கோரி அதை ஏற்கெனவே இரண்டு முறை கடந்து போயிருந்தான். பூவை வைக்கக் குனிந்தவன், பாதியில் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"வெக்கலாமா?"

"வெய்யி. பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துடு."

எடுத்துச் சட்டைப் பையில் திணித்தான். பூவை வைத்தான். கழுத்தில் டையைச் சரிசெய்துகொண்டான். மழையில் நனைந்து அதன் மடிப்புக்கோடு போயிருந்தது.

"இப்ப என்ன பண்ணணும்? உங்க வழக்கத்துல?"

"ஆம்பளைங்க ஓதுவாங்க. நான் எனக்குள்ள ஓதிட்டேன். உங்க ஆளுங்க என்ன பண்ணுவாங்க?"

"சும்மா நிப்பாங்க."

"அப்ப நிப்போம்."

நின்றார்கள். மட்டையில் மழை படாமல் இருவருமாகப் பார்த்துக்கொண்டார்கள்.