காதோரம் ஒரு துளித் தவிடு

"புள்ளைய அப்படிப் பிடிக்காதீங்க சார்… அது துப்பாக்கி இல்ல!" என்றாள் டாக்டர் யுவராணி.

பட்டாளத்து முடிவெட்டோடு நின்றவன் திருதிருவென விழித்தான். மழையில் முழுக்க நனைந்திருந்தான். கையிலிருந்த துணிச்சுருளில் மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை.

இராஜபாளையத்தில் முந்தாநாள் பிறந்த குழந்தை. ஆபரேஷன் ஆன தாய் மாரிச்செல்வி அங்கேயே கிடக்க, அவள் தம்பியான இந்தப் பட்டாளத்துக்காரன் வேல்பாண்டியும் அம்மா அங்காளம்மாளும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் காட்டத் தூக்கி வந்திருந்தார்கள்.

யுவராணி தாளை எடுத்தாள். "பால் குடிக்குதா? எத்தன தடவ ஒண்ணுக்குப் போச்சு? பொறந்ததும் அழுதுச்சா?"

"எம்புட்டு கேள்வி! பட்டாளத்துல சேரும்போதுகூட இம்புட்டு கேக்கலயே…"

"அங்க வந்தது நீங்க. இங்க வந்திருக்கவரு பெரிய ஆளு!"

சிரித்தான். என்ன கண்கள்… மழை கழுவிய கருங்கல் மாதிரி… சீ, டூட்டி நேரத்தில்!

"அவங்களுக்கு இதுக்கு முன்னாடி குழந்தை?"

அவன் அம்மாவைப் பார்த்தான்.

"இதான் தலைச்சன்" என்றாள் அங்காளம்மாள், வெடுக்கென்று.

யுவராணி துணியை விலக்கினாள். நெஞ்சுவரை லேசான மஞ்சள். காது மடிப்பில் பொடிப்பொடியாக ஏதோ… விரலால் தொட்டுப் பார்த்தாள். தவிடு.

அவளுக்குத் தெரியும். முந்தின பிள்ளை தங்காத வீட்டில்தான், பிறந்த பிள்ளையை அடுத்தவர் கையில் கொடுத்து, தவிடு அளந்து திரும்ப வாங்குவார்கள்.

"புள்ளைய தவிட்டுக்கு வாங்குனீங்களாம்மா?"

"அது எங்க வீட்டு வழக்கம். ஒனக்கெதுக்குத்தா?"

"சார், நீங்களாவது சொல்லுங்க."

"ஆத்தா சத்தியம் வாங்கிருக்கு… அந்தப் பேச்சு இவன் காதுல விழக்கூடாதுன்னு."

"இவன் காதுல விழ வேண்டாம். என் காதுல சொல்லுங்க."

வராந்தாவுக்கு நடந்தாள். செத்த நேரம் யாரும் வரவில்லை. பிறகு அவன் வந்தான்.

"மொதப் பய… மூணாம் நாளு மஞ்சளாயி அஞ்சாம் நாளு போயிட்டான். நான் காஷ்மீர்ல இருந்தேன். மொகத்தக்கூட பாக்கல… இவனும் போயிட்டா அக்கா பொழைக்கமாட்டா."

யுவராணி ஓடினாள். பெரிய டாக்டருக்குப் போன்… உடனே ரத்தப் பரிசோதனை… மஞ்சள் விறுவிறுவென ஏறிக்கொண்டிருந்தது. அந்த மணி நேரத்திலேயே குழந்தை, மஞ்சளை இறக்கும் நீல விளக்கின் கீழ் போனான்.

கண்கட்டோடு கிடந்தான். கண்ணாடிக்கு இந்தப்புறம் வேல்பாண்டி, சன்னதியில் நிற்பவன்போல் கைகட்டி நின்றான். உள்ளங்கையளவு நெஞ்சு… யாரும் சொல்லித்தராமல் ஏறி, இறங்கி, ஏறி… எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள் யுவராணி. அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. வேல்பாண்டியின் கண்களாலும் சேர்த்துப் பார்த்ததாலா…?

சேர்த்த நான்காம் நாள் மஞ்சள் வடிந்தது. அங்காளம்மாள் யுவராணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பேரனோடு ஆட்டோவில் ஏறினாள்.

வேல்பாண்டி மட்டும் படியிலேயே நின்றான்.

"நாளைக்கு ரயிலு."

"ம்…"

"பனிமலை, ஆறு, வானம்னு பெருசு பெருசா பாத்தவன் நான், டாக்டர். இந்த நாலு நாளு மாதிரி எதுவுமில்ல. அவன் மூச்சு விடுறதும்… அத நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறதும்…" ஓரடி முன்னே வந்தான். "உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. தப்புன்னா சொல்லிருங்க, போறேன்."



"தப்பில்ல… எனக்கும்தான்." நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "ஆனா, போறேன்னு சொல்லாதீங்க. போயிட்டு வாரேன்னு சொல்லுங்க…"