முனி நடக்கும் சத்தம்

மலாய் நாட்டு ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில், ஆற்றிலிருந்து தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த மேட்டு லயத்துக்கு ஏறத் தொண்ணூற்று நான்கு படிகள். யாருக்காவது சந்தேகம் இருந்தால் பஞ்சாலையைக் கேட்கலாம். அவளுக்குப் பத்து வயது. இடுப்பில் குடத்தோடு ஒரு நாளைக்கு நான்கு தடவை ஏறுகிறவளுக்குத் தெரியாத படியா?

முன்பெல்லாம் இந்தத் தொல்லை இல்லை. பஞ்சாலையின் அப்பா மணியம்தான் தோட்டத்தின் தண்ணீர் என்ஜினை ஓட்டியவர். அது புகையைக் கக்கிக்கொண்டு ஆற்றுத் தண்ணீரை மேட்டுக்குத் தள்ளும். லய வாசலில் குழாயைத் திருகினால் போதும்.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிப் போனவர் திரும்பவே இல்லை. என்ஜினும் ஒரு நாள் லாரியில் ஏறிப் போனது. அப்பா இப்போது மரவள்ளிக்காட்டில் மண்வெட்டி பிடிக்கிறார். காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, சாயங்காலம் மாறுதலுக்காக மரவள்ளிக் கஞ்சி.

கிழங்கைக்கூடப் பஞ்சாலை பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது அந்தப் படிகள்தான். அம்மா மயிலம்மாளின் வயிற்றில் தம்பியோ தங்கையோ இருந்தது. ஏழு மாதம். நாற்பதாவது படி வந்ததும் அம்மா குடத்தை இறக்கிவிட்டு, "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்பாள். எழுபதாவது படியிலும் அதையேதான் சொல்வாள்.

ஒரு திங்கட்கிழமை, மழையில் ஊறிய படியில் அம்மாவின் கால் வழுக்கியது. குடம் உருண்டு ஆற்றுக்கே போய்விட்டது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் பஞ்சாலை வெகு நேரம் அம்மாவின் கையை விடவில்லை.

"இனிமே நீ தூக்காதம்மா. நானே தூக்கறேன்" என்றாள்.

"நீ ஒருத்தி எத்தன குடம் தூக்குவ, புள்ள?"

எட்டுக் குடம் தூக்கினாள். மறுநாளும் எட்டு. அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நின்றபடி ஜப்பானியப் பாட்டுப் பாடும்போது, பஞ்சாலை நின்றபடி தூங்கினாள்.

எட்டாவது குடம் தோட்டத்து ஆபீசுப் பானைக்கு. அங்கே தங்கராஜு கிராணி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கணக்கும் கடிதமும் எழுதுவதுதான் கிராணியின் வேலை. அன்று அவருடைய மேசையில் கடிதம் இல்லை. ஏழு பழைய போட்டோக்கள் இருந்தன.

"என்னா ஐயா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. சிரம்பான் ஜப்பான் ஆபீசுல இருந்து உத்தரவு வந்திருக்கு. சனிக்கிழம லாரி வருது. வேலை செய்யற இரும்புச் சாமான் தோட்டத்துல இருக்கலாம். வேலை செய்யாததெல்லாம் லாரிக்கு. இது துரை எடுத்த படங்க. ஒவ்வொரு படத்துலயும் இருக்கறது என்னா, எங்க இருக்குன்னு நான் எழுதணுமாம். எனக்குத் தெரிஞ்ச இரும்பு இந்தப் பேனா முள்ளு ஒண்ணுதான்லா."

பஞ்சாலை முதல் படத்தைப் பார்த்தாள். இரண்டு உருளைகள், ஒரு பெரிய கைப்பிடி. கிராணி அதன் கீழே 'ரப்பர் மிஷின்' என்று எழுதிவைத்திருந்தார்.

"ரப்பர் மிஷின் இல்லீங்க ஐயா. கீழ பாருங்க, கூடையில சட்டக் கை தொங்குது. துணி பிழியற மிஷினு."

கிராணி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். சட்டைக் கை தெளிவாகவே தொங்கியது. ரப்பர் தோட்டத்துக்காரர்கள் எதைப் பார்த்தாலும் ரப்பர் சாமான் என்றுதான் நினைப்பார்கள்.

இரண்டாவது படத்தில் மூன்று கிளையுள்ள ஓர் இரும்பு. "இது எடக்கல்லு" என்றார் கிராணி.

பஞ்சாலை படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். "இப்பப் பாருங்க. மூணும் பாதம். பெருசு, நடுத்தரம், சின்னது. சுவா டவுன்ல சப்பாத்துத் தைக்கிறவர்கிட்ட இதே மாதிரி ஒண்ணு பார்த்திருக்கேன்."

"அட, ஆமா. உக்காரு. காலிக் குடத்த அப்படி வை."

ஒருவழியாக ஆறு படங்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஏழாவது படம்தான் மசியவில்லை.

அதில் ஒரு வெள்ளைக்காரர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், கவிழ்த்த பானை போல ஓர் இரும்புச் சாமான் ஒரு ஆளின் இடுப்பு உயரத்துக்கு நின்றது. ஒரு பக்கம் தடித்த குழாய், மறுபக்கம் ஒல்லிக் குழாய். சக்கரம் இல்லை. கைப்பிடி இல்லை. புகைபோக்கி இல்லை.

"மணியா இருக்குமோ?" என்றார் கிராணி.

"மணிக்கு எதுக்குங்க குழாய்?"

"அப்ப வெள்ளைக்காரன் இட்லிக் கொப்பரை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பஞ்சாலை கேட்டதும் கிராணி அந்தப் படத்தைக் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை ஆற்றில் குடத்தை முக்கும்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். இரும்பை அல்ல. படத்தில் வெள்ளைக்காரருக்குப் பின்னால் ஒரு பாறை இருந்தது. நடுவில் ஒரு வெடிப்பு, வெடிப்பில் வாய் போல ஒரு பொந்து. அதே பாறை அவளுக்கு எதிரே நின்றது. அதன் அடியில் ஆற்று முனி இருந்தார்.

ஆற்று முனியை ஆறாங்கட்டையில் எல்லோருக்கும் தெரியும். மண்ணுக்கு மேலே உருண்டையாக அவருடைய தலை மட்டும் தெரியும். தலையில் மஞ்சள், குங்குமம், ஒரு சிவப்புத் துணி. பால் மரம் சீவும் சன்னாசி வெள்ளிக்கிழமைதோறும் அவருக்குச் சூடம் கொளுத்துவார். அந்தக் காலத்தில் முனி ஆற்றோரம் நடப்பாராம். டொக், டொக் என்று மேட்டு லயம்வரை கேட்குமாம். என்ஜின் வந்த வருஷம் அதன் இரைச்சல் பிடிக்காமல் கோபித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லையாம்.

பஞ்சாலை முதலில் கும்பிட்டாள். பிறகு ஒரு கூழாங்கல்லால் முனியின் காதோரம் மெல்லத் தட்டினாள்.

டிங் என்றது.

அவள் அப்பாவைத் தேடி மரவள்ளிக்காட்டுக்கு ஓடினாள். அப்பா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"பாறை அதேதான். ஒல்லிக் குழாய் மேட்டுக்குத்தான் போகுது. துரை பங்களாவுக்குத் தண்ணி ஏத்தியிருப்பான். ஆனா என்ஜின் இல்லாம தண்ணி எப்படிம்மா ஏறும்? நடக்கற காரியமா?"

பஞ்சாலை யோசித்தாள். அப்பாவின் கையைப் பிடித்து, ஆற்றோரம் பிள்ளைகள் குளிக்கும் மூங்கில் குழாய்க்கு இழுத்துப்போனாள். அதன் முனைக்குச் சற்று முன்னால், மேல்பக்கம் ஒரு ஓட்டை உண்டு. குளிக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு.

"குனிஞ்சு பாருங்கப்பா."

அப்பா குனிந்தார். மூங்கிலில் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சாலை அதன் வாயை உள்ளங்கையால் டப்பென்று மூடினாள். ஓட்டை வழியே தண்ணீர் சர்ரென்று எகிறி அப்பாவின் மூக்கில் அடித்தது.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று பார்த்தால், "இன்னொரு தடவ மூடு" என்றார்.

மூடினாள். இந்தத் தடவை நெற்றியில் அடித்தது.

"ஓடற தண்ணிய சட்டுனு நிறுத்தினா, அந்த வேகத்துல கொஞ்சம் மேல எகிறுது" என்றார் அப்பா மெதுவாக. "அப்ப உள்ள ஒரு மூடி இருக்கணும். தண்ணியே அத இழுத்து மூடும். மறுபடி தானா தொறக்கும். மூடும்போதெல்லாம்..."

"டொக்குனு சத்தம் வரும்" என்றாள் பஞ்சாலை.

இரண்டு பேரும் முனியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா மண்வெட்டியோடு வந்தபோது, சன்னாசி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"மணியம், கிட்ட வராத. முனிமேல மண்வெட்டி பட்டா ரத்தம் கக்கித்தான் சாவ."

அப்பா மண்வெட்டியை இறக்கிப் பிடித்தார். பஞ்சாலை முன்னால் போனாள்.

"சன்னாசி மாமா, சனிக்கிழம லாரி வருது. வேலை செய்யாத இரும்பையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. இந்தப் படத்தப் பாருங்க. நம்ம முனி இதுல இருக்காரு."

சன்னாசி பார்த்தார். பாறையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"லாரியிலயா? முனியையா?"

"அவரு நடந்தா இங்கயே இருப்பாரு மாமா. உக்காந்தே இருந்தாத்தான் தூக்கிட்டுப் போவாங்க. அவருக்குக் கால்தான் மண்ணுல புதைஞ்சு கிடக்கு."

சன்னாசி முனியைத் திரும்பிப் பார்த்தார். தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். சூடம் ஏற்றிக் கும்பிட்டார். பிறகு அப்பாவின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினார்.

"மொத மண்ண நான்தான் எடுப்பேன்."

அதோடு அந்த மண்வெட்டி வேறு யார் கைக்கும் போகவில்லை.

வியாழக்கிழமை தடித்த குழாயிலிருந்து ஒரு கூடை வேரும் இரண்டு நண்டும் வந்தன. வெள்ளிக்கிழமை முனியின் காலடியில், மேலிருந்து அழுத்தினால் திறக்கும் மூடி அகப்பட்டது. அதன் அடியில் ஒட்டியிருந்த தோல் வட்டம் மக்கிப் போயிருந்தது. ஆறாங்கட்டையில் அரிசி இல்லை, சீனி இல்லை, துணி இல்லை. ஆனால் விற்க ஆளில்லாத ரப்பர் தட்டு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அப்பா அதில் ஒரு வட்டம் வெட்டிப் பொருத்தினார். ஒல்லிக் குழாய் லயத்துக்குப் பின்புறமாகத்தான் பங்களாவுக்குப் போனது. அங்கே அதைப் பிரித்து வாசல்பக்கம் திருப்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆற்றுத் தண்ணீரைத் தடித்த குழாய்க்குள் விட்டார்கள்.

டொக்.

அவ்வளவுதான். மூடியது மூடியபடியே நின்றது. அப்பா அதை அழுத்தித் திறந்துவிட்டார். டொக் என்றது. மறுபடியும் நின்றது. தூரத்தில் லாரியின் ஹாரன் கேட்டது. சன்னாசி முனியின் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று.

பஞ்சாலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா மறுபடியும் அந்தப் படிகளில் ஏறுவதை நினைத்துப் பார்த்தாள். உடனே அழுகையை விழுங்கினாள்.

"அப்பா, ரெண்டு தடவயில விட்டா எப்படி? மேட்டுக்குப் போற குழாய் காலியா கிடக்கு. அது கொஞ்சம் நிறைஞ்சாத்தானே எதுத்துத் தள்ளும்?"

அவள் மூடியின்மேல் காலை வைத்தாள். அழுத்தினாள், விட்டாள். டொக். அழுத்தினாள், விட்டாள். டொக். பத்து, இருபது, முப்பது. கால் வலித்தது. நாற்பதுக்கு அவள் உட்காரவில்லை. நாற்பத்தொன்றில் காலை வைக்கப் போனாள். அதற்குள் மூடி தானாகத் திறந்து, தானாக மூடியது.

டொக். டொக். டொக்.

படிகளில் கிராணி இறங்கி வந்தார். முன்னால் கண்ணாடி போட்ட ஒரு ஜப்பான் அதிகாரி. சத்தத்தைக் கேட்டு நின்றார்.

"என்ஜின் மானா?" என்று மலாயில் கேட்டார். என்ஜின் எங்கே என்று அர்த்தம்.

அதிகாரி பாறையைச் சுற்றிப் பார்த்தார். மஞ்சள் குங்குமத்தோடு தலையாட்டாமல் நின்ற முனியையும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பஞ்சாலை மூங்கில் குழாயைக் காட்டி, குனியச் சொல்லிச் சைகை செய்தாள்.

"வேணாம் புள்ள" என்று கிசுகிசுத்தார் கிராணி.

அதிகாரி குனிந்தார். டப். தண்ணீர் அவருடைய கண்ணாடியில் சர்ரென்று அடித்தது. கிராணி கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். பிறகு தன் உள்ளங்கையால் மூங்கிலின் வாயை மூடினார். முகமெல்லாம் நனைந்தது. இன்னொரு தடவை மூடினார். மூன்றாவது தடவை சிரித்தே விட்டார். கிராணியின் தாளை வாங்கி, ஏழாவது வரிக்கு நேரே ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார். ஜப்பான்காரர்களுக்கு வட்டம் என்றால் சரி என்று அர்த்தம்.

லாரி துணி பிழியும் மிஷினை ஏற்றிக்கொண்டு போனது. முனி போகவில்லை.

எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். லய வாசலில் குழாய் இருமியது. செம்மண்ணைத் துப்பியது. ஒரு காய்ந்த இலையைத் துப்பியது. பிறகு சுண்டுவிரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. பஞ்சாலை அம்மாவின் கையிலிருந்த குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்தாள்.

"கேக்குதா மயிலம்மா?" என்றார் சன்னாசி, மூச்சு வாங்கியபடி. "முனி நடக்கறாரு."

ஆற்றுப் பக்கமிருந்து டொக், டொக் என்று கேட்டது. அம்மா பக்கத்துக் கல்லில் சாய்ந்து, இரண்டு காலையும் சுகமாக நீட்டினாள்.

"நல்லா நடக்கட்டும்ணே" என்றாள். "நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."