பெரியம்மாவின் மடி

அன்று கதவைத் திறந்து முதலில் உள்ளே போனவள் அவள்தான். அதற்குள்ளாகவே பெரியம்மாவின் மடி சூடாகியிருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலியில் இருக்கும் சூடு. கையை எடுத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். மலையைக் குடைந்து உண்டாக்கிய அந்தக் கூடத்துக்குள் வெயில் வராது. தூணைத் தொட்டால் விரல் சில்லிட்டது, சுவரைத் தொட்டால் ஈரம் பிசுபிசுத்தது, தரையின் குளிர் செருப்பைத் தாண்டி உள்ளங்காலுக்கு ஏறியது. மடி மட்டும் கதகதவென்று இருந்தது.

பெரியம்மா என்பது அங்கே வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. அவளைக் கும்பிட்டவர்கள் எந்தக் காலத்திலோ இல்லாமல் போய்விட்டார்கள். பாறையிலேயே வெட்டிய, இரண்டு ஆள் உயர உருவம். கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்கத் தேய்ந்து கூழாங்கல் போல வழவழத்துக் கிடந்தது. கைகள் இரண்டும் மடியின் இருபுறமும் முன்னால் நீண்டு, எதையோ வாங்கிக்கொள்ளப் போவதைப் போல நின்றன.

அந்தக் கைகளுக்கு நடுவில்தான் சுற்றுலா வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். செருப்புக் காலோடு முழங்காலை மிதித்து ஏறினார்கள். பெரியம்மாவுக்குத் தொப்பி மாட்டினார்கள். சூயிங்கத்தை மென்று அவள் பெருவிரலில் ஒட்டினார்கள். முன்கையில் மார்க்கர் பேனாவால் இதயம் வரைந்து இரண்டு பெயர்களை எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பெயர்களை எடுப்பதுதான் அவள் வேலை. வேதியியல் படித்தவள். ஊறவைத்த காகிதக் கூழில் ரசாயனத்தைக் கலந்து கறையின் மேல் அப்பிவிட்டால், காய்ந்துகொண்டே அது மையை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் தோல் உரிப்பதைப் போல உரித்தெடுக்கலாம். காலையில் ஒரு காதலை உரித்துப் போட்டால் மாலையில் வேறொரு காதல் அங்கே வந்திருக்கும்.

சத்தம் போடத்தான் அவளுக்கு வராது. இறங்குங்கள் என்று சொல்லத் தொண்டைக்குள் வாக்கியத்தைத் தயார் செய்வாள். வெளியே வரும்போது அது இருமலாக வரும். அவளிடமே கைபேசியை நீட்டி, "ஒரு போட்டோ எடுங்களேன்" என்பார்கள். எடுத்தும் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையிடம் எல்லோரையும் திட்டியிருக்கிறாள்.

"என்ன கெமிஸ்ட்ரி, சாட்சி பொழைச்சிருக்கா?" வாசல் காவலாளி விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

சாட்சி என்று அவர் சொன்னது கண்ணாடிச் சில்லுகளை. பெரியம்மாவின் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றிலும் முன்பு வேலை பார்த்த யாரோ சிமென்டைத் திணித்து அப்பியிருந்தார்கள். பழைய கல்லுக்குச் சிமென்ட் ஆகாது. ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்துக் கல்லைப் பொடியாக்கிவிடும். பாடத்தில் அப்படித்தான் இருந்தது. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, சின்ன உளியால், பல் வைத்தியர் மாதிரி, அத்தனையையும் அவள் சுரண்டி எடுத்துவிட்டாள். அதற்காக மேலதிகாரி அவளைப் பாராட்டியது அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. சிமென்ட் இருந்த இடங்களில் மெல்லிய விரிசல்கள் தெரிந்தன. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டினாள். விரிசல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"இடது முழங்கை போயிடுச்சுண்ணே."

"மறுபடியுமா? எவனாவது ஏறித் தொங்கியிருப்பான். நேத்து ஒருத்தன இறங்குடான்னா, டிக்கெட் வாங்கியிருக்கோம்ல, உக்காந்தா என்னங்கிறான். சினிமா கொட்டகைன்னு நெனைச்சுட்டான் போல."

"மடி சூடா இருக்குண்ணே."

அவர் புறங்கையை மடியில் வைத்தார், காய்ச்சல் பார்ப்பதைப் போல. "இத்தன பேரத் தூக்குனா எனக்குந்தான் காய்ச்சல் வரும்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை எடுத்து, கால்சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் உள்ளே வரவில்லை.

அன்று யாரோ மடியின் பள்ளத்தில் சிவப்புக் குளிர்பானத்தைக் கொட்டிவிட்டிருந்தார்கள். வயிறு வரை ஏறிய அந்தப் பள்ளம், உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவள் பள்ளம் நிறையக் கூழை அப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அவ்வளவு கனமாக அப்பிய கூழ் காய இரண்டு நாளாவது ஆகும். ஒரே இரவில் அது காய்ந்துவிட்டிருந்தது. மறுநாள் காலையில் விளிம்பைப் பிடித்துத் தூக்கியபோது உடையாமல் ஒரே வார்ப்பாக வந்தது. திருப்பினாள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பெரியவர்கள் இத்தனை பேர் ஏறி உட்கார்ந்து தேய்த்திருந்தால் பள்ளம் அகலமாக, உருவமில்லாமல் இருக்க வேண்டும். கூழின் அடிப்பக்கத்தில் இருந்ததற்கு உருவம் இருந்தது. ஒடுங்கிய முதுகு. முதுகெலும்பின் வளைவு. தொடைகள் இரண்டும் அவள் முன்கை அளவுக்குத்தான் இருந்தன. ஒரு பக்கமாகச் சாய்ந்த தலைக்கு ஒரு சின்ன மேடு. உட்கார்ந்தபடியே தூங்கிப்போன ஒரு குழந்தையைப் பின்னாலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

அதைக் கிழித்து வாளியில் போட்டாள். சின்னச் சின்னத் துண்டாகும் வரை கிழித்தாள். பிறகு நிமிர்ந்து, விரிசல்களை முதல் தடவை பார்ப்பதைப் போலப் பார்த்தாள். தோள். முழங்கை. மணிக்கட்டு. வேறு எங்கும் இல்லை.

மேலதிகாரிக்குப் போன் செய்தாள்.

"சார், விரிசல் எல்லாம் மூட்டு இருக்கிற இடத்துல மட்டும் இருக்கு."

"சிலைக்கு ஏதும்மா மூட்டு?"

"அந்தச் சிமென்ட்... அது ரிப்பேருக்குப் போட்டது இல்லைன்னு தோணுது சார். மறுபடி அடைச்சிரலாமா?"

"கல்லுன்னா வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். உன் ரிப்போர்ட்டுல நீதானே எழுதியிருக்கே."

"உள்ளே வெயிலே வராது சார். இந்த ஞாயித்துக்கிழமை மட்டுமாவது மூடி வைக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை மூடுறதா? வெளையாடுறியாம்மா?" அவர் வேறு யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. போன் வைக்கப்பட்டது.

அவள் ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டதற்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு அக்கா வருகிறாள். மாமாவும் வருகிறார். அவர்களுடைய ஒரே மகளும் வருகிறாள். ஒல்லியாக இருப்பதாலும் காதருகே ஓயாமல் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பதாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் கொசு. நாலு வயது. சித்தி வேலை செய்கிற பெரியம்மாவைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அக்காவை அழைத்தாள். "வேற வாரம் வாங்களேன்."

"ஏன்?"

"வேலை நடக்குதுக்கா. ரசாயன வாசனை. கொசுவுக்கு ஒத்துக்காது."

"நீ தெனம் அதுலதானே கெடக்குற? நாங்க வந்தா உனக்குக் கௌரவக் கொறச்சலா இருக்கா? நேராச் சொல்லிடு."

"அது இல்லக்கா."

"பின்ன எது?"

கல் சூடாக இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். அக்கா மாமாவிடம் சொல்லுவாள். மாமா ஒவ்வொரு விசேஷத்திலும் அதைச் சொல்லிச் சிரிப்பார். "சரி, வாங்க" என்றாள்.

ஞாயிறு மத்தியானம் கூடம் நிரம்பி வழிந்தது. வெயில் களிம்பும் வியர்வையும் பிளாஸ்டிக் பையைப் பிரித்த வறுவலும் கலந்த வாடை, கூரையில் மோதித் திரும்பி வரும் பேச்சுச் சத்தம், சுவரெல்லாம் மேலும் கீழும் ஓடும் நிழல்கள், இவற்றின் நடுவில் அவள் பெரியம்மாவின் காலடியில் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். ஒருவரையும் ஏற விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அதுவரை மூன்று பேர் ஏறி இறங்கிவிட்டார்கள். காவலாளியைக் கூப்பிடலாம் என்றால் அவர் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். விசில் சத்தம் மட்டும் எங்கோ தொலைவில் கேட்டது.

"சித்தி." கொசு ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "இதுதான் பெரியம்மாவா? ஏன் மூஞ்சியே இல்ல? ரொம்ப அழுதாங்களா?"

பின்னாலேயே மாமா, கையில் நீளக் குச்சியில் மாட்டிய கைபேசியோடு வந்தார். "எங்க வீட்டு விஞ்ஞானி இங்கதான் நிக்கிறாங்களா. என்னம்மா, வாளியும் கையுமா? பாத்திரம் தேய்க்கிற வேலைன்னு சொல்லவே இல்லையே." குனிந்து மகளைத் தூக்கினார்.

"மாமா, வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"மடியில வேண்டாம். யாரும் உக்காரக் கூடாது."

"இப்பத்தானே ஒருத்தர் எறங்குனாரு. ஊரே உக்காருது, சொந்தக்காரனுக்கு மட்டும் சட்டமா?"

அவள் கொசுவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். தொண்டைக்குள் எல்லா வார்த்தைகளும் இருந்தன. சிமென்ட். மூட்டு. பள்ளம். ஒன்றன் மேல் ஒன்று ஏறி அடைத்துக்கொண்டு நின்றன. அவள் இருமினாள்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதோரம் சொன்னாள். "புள்ள கைய விடுடி. எல்லாரும் பாக்குறாங்க."

எல்லோரும் பார்த்தார்கள்தான்.

அவள் விட்டுவிட்டாள்.

மாமா கொசுவை மடியில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் போவதைப் போலக் கொசு அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தாள். இடுப்பு பொருந்தியது. தொடைகள் பொருந்தின. ஒரு விரல் நுழைய இடமில்லை.

"சித்தி, சூடா இருக்கு" என்றாள் கொசு. அவளுக்கு அது பிடித்திருந்தது.

"கேமராவப் பாரு கண்ணு. சிரி."

டிக்.

அத்தனை இரைச்சலிலும் அவளுக்குக் கேட்டது. இடது மணிக்கட்டின் கண்ணாடிச் சில்லு. டிக். வலது. அந்தச் சத்தத்தை அறிந்த காது அங்கே அவளுடையது மட்டும்தான். டிக். டிக். தோள்கள்.

கொசுவின் தலைமுடியில் கல்மாவு உதிர்ந்தது. மாவு சலிப்பதைப் போல, சீராக.

"தூங்காத கொசு, இங்க பாரு. ஏய்."

கொசு கொட்டாவி விட்டாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கூழின் அச்சைப் பார்த்திருந்த அவளுக்கு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்திருந்தது.

கைகள் மூடின.

அவசரமே இல்லை அவற்றுக்கு. தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுகிற நிதானம்.

மாமா குச்சியைப் போட்டுவிட்டு ஓடினார். "எதுலயோ மாட்டிக்கிச்சு" என்றார். பிறகு அதையே கத்தினார். கல் விரல்களுக்கு நடுவில் தன் விரல்களை விட்டு இழுத்தார். அக்கா பெரியம்மாவின் முழங்காலில் ஏறி மகளின் இடுப்பைப் பிடித்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி மறுபடி கூப்பிட்டாள்.

பின்னால் கைபேசிகள் உயர்ந்தன. ஒன்று. பத்து. வெளிச்சங்கள்.

"மோட்டார் வச்சிருக்காங்க பாரு. நல்லா செஞ்சிருக்காங்க."

"அடுத்து நம்ம பையன ஏத்தலாம்."

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."

அப்போதுதான் அவளுக்கு அது வந்தது. வயிற்றின் அடியிலிருந்து, இத்தனை வருடமாகத் தலையணைக்குள் போன அத்தனையும் சேர்ந்து, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "விடு" என்று கத்தினாள். யாரிடம் என்று அவளுக்கே தெரியவில்லை. கூடம் முழுக்க மோதித் திரும்பியது. எல்லாப் பேச்சும் நின்றது. எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

அந்த நிசப்தத்தில் ஒரு சத்தம்.

"ஷ்ஷ்."

கூட்டத்தில் யாருடைய உதடும் அசையவில்லை. அது மேலே இருந்து வந்தது. அக்காவின் தலைக்கும் மேலே, முகமில்லாத அந்த வழவழப்பிலிருந்து. கோபமில்லாத சத்தம். பிள்ளை எழுந்துவிடப் போகிறது என்று அக்கம்பக்கத்தை அடக்குகிற சத்தம்.

மடி ஆடத் தொடங்கியது. இடது. வலது. இடது. மாமா பிடியை விட்டுக் கீழே விழுந்தார். கைபேசிகளின் வெளிச்சத்தில் எல்லா நிழல்களும் சேர்ந்து ஆடின.

அக்கா கீழே நழுவி, தொங்கிக்கொண்டிருந்த கொசுவின் பாதங்களை இரண்டு கைகளாலும் பிடித்தாள். உடனே விட்டாள். தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"கால் சில்லுன்னு இருக்குடி" என்றாள் மெதுவாக.

செருப்பு கழன்று விழுந்திருந்தது. மடியின் ஆட்டத்துக்கு அந்தக் கால்கள் ஆடவில்லை. கணுக்காலிலிருந்து விரல்வரை பாறையின் சாம்பல் நிறம், பாறையின் சொரசொரப்பு. சின்ன விரல்களின் நுனியில் மட்டும், கோடு தாண்டி யாரோ பிள்ளைக் கையால் பூசிய ரோஸ் நிற நகப்பூச்சு, இன்னும் சரியாகக் காயாமல் மின்னிக்கொண்டிருந்தது.