கானுகொப்பத்தின் தாள்கள்

திம்மேஷ் ஆறு மணிக்கு எழுந்தான். வெந்நீர் வைத்துக் குளித்தான். நேற்றைய அரிசி ரொட்டியைக் கல்லில் போட்டுச் சூடாக்கித் தின்றான். வீட்டைப் பூட்டினான். தாலுகா சுகாதார அலுவலகத்தில் கணினியைப் போட்டபோது மணி எட்டே முக்கால். திங்கட்கிழமை.

பதினொரு மணிக்குள் இருபத்திரண்டு துணை நிலையங்களின் காய்ச்சல் கணக்கும் மாவட்டத்துக்குப் போக வேண்டும். காட்டோர ஊர்களின் தாள்கள் பேருந்து ஓட்டுநர் கையில் வரும். வராத ஊருக்குப் பூஜ்யம் போட்டு மூடுவது வழக்கம். காலிக் கட்டத்துக்கு ஏச்சு விழும். பூஜ்யத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பிப்ரவரியில், ஏழாம் வாரம், கானுகொப்பத்துக்கும் அப்படித்தான் போட்டான். அங்கே நர்ஸாக இருந்தவள் அவன் மனைவி வேதாவதி. பூஜ்யம் என்றதால் ரத்தம் எடுக்கும் குழு போகவில்லை. உண்ணிக்குப் பூசும் எண்ணெய் போகவில்லை. உண்ணி கடித்துப் பரவும் குரங்குக் காய்ச்சல் மட்டும் இருந்தது. சனிக்கிழமை அவளை ஜீப்பில் கொண்டு வந்தார்கள். அதற்குள் பேச்சு நின்றிருந்தது. மறுநாள் உயிரும். நிலையம் அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்களன்று, மேசைமேல் தாள்கள் வைக்கும் தட்டில் கானுகொப்பத்தின் தாள் இருந்தது. வாரம்: ஏழு. ஒரு வீடு, ஒரு பெயர். அவள் கையெழுத்து.

மூத்த ஆய்வாளர் ஹூவப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “பயப்படாதே தம்பி. பஸ் சீட்டுக்கு அடியில கிடந்திருக்கும். நம்ம ஆபீஸ்ல தாள் மனுஷனை விட மெதுவாத்தான் நடக்கும்.”

போய் விசாரித்தும் வந்தார். அந்த வீட்டு ஆள் அந்த வாரமே இறந்திருந்தார். கணக்கில் இல்லை.

அடுத்த திங்கள் பக்கத்து வீடு. அதுவும் சரியாக இருந்தது. ஓட்டுநரைக் கேட்டார்கள். கானுகொப்பத்தில் வண்டியை நிறுத்தியே ஒரு மாதத்துக்கு மேலாகிறது என்றான்.

மூன்றாவது தாளிலும் வாரம் ஏழுதான். காய்ச்சல் தொடங்கிய தேதி மட்டும் அவளை எரித்ததற்கு மறுவாரம். ஹூவப்பா கேலி செய்வதை நிறுத்தினார். நான்காவதில் தேதி இன்னும் வந்திருக்கவில்லை. அந்த வாரப் புதன். குழுவைக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்காரி திடமாக நின்று பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள். புதனன்று படுத்தாள். ஞாயிறு பிணத்தை எடுத்தார்கள்.

இன்று ஐந்தாவது.

தட்டை நெருங்கும் முன்பே உண்ணி எண்ணெயின் காரமும், மழை படாத காட்டுச் சருகின் மக்கிய வாடையும், அவள் சேலைத் தலைப்பில் எப்போதும் ஒட்டியிருந்த டெட்டால் மணமும் ஒன்றாகக் கலந்து வந்தன. மின்விசிறி ஓடியும், மற்ற தாள்களெல்லாம் படபடத்தும், அந்த ஒன்று மட்டும் யாரோ உள்ளங்கையால் அழுத்திப் பிடித்ததுபோல் அசையாமல் கிடந்தது.

வாரம்: ஏழு.

வீடு: பேருந்து நிலையத் தெரு. அவன் கதவு எண்.

பெயரைப் படித்தான். வயது முப்பத்தொன்று. காய்ச்சல் தொடங்கிய நாள்: இன்று.

ஹூவப்பா தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “மணியாச்சு. பூஜ்யம் போட்டு மூடிடு, தம்பி” என்றார்.

திம்மேஷின் விரல் போனது. பூஜ்யம். அழுத்தினான். போய்விட்டது.

கண்ணுக்குப் பின்னால் மெல்ல ஒரு வலி. முதுகில் குளிர்.

தாளைப் பார்த்தான். இறந்த நாளுக்கான கட்டம் காலியாக இருந்தது. இப்போது இல்லை. மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஈரமான நீலம். பேனா இல்லை. கை இல்லை. இன்னொரு கோடு வளைந்து இறங்கியது. அவள் எண் எழுதும் விதம்.

கடைசியாக அவள் பேசியது அந்த ஏழாம் வாரத் திங்கள். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. சிக்னலுக்காக மேட்டில் ஏறி, மூச்சிரைக்க, போனில் சொன்னாள்:

“இன்னும் அஞ்சு வீடு பாக்கணும்ங்க. நான் சொல்றவரைக்கும் மூடிடாதீங்க.”